வாட்ச்டாக் டைமர்: ‘காவலெண்ணி’ எனலாமா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கருவிகளை இயக்கும் சில்லில் (மைக்ரோகண்ட்ரோலரில்) ஓடும் நிரல் உறைந்துபோனால், அதை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்கவைப்பது வாட்ச்டாக் டைமர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது; முன்னர் வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ‘கண்காணிப்பு நேரங்காட்டி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. நேரங்காட்டி என்றால் யாருக்காவது நேரம் காட்ட வேண்டும். இது எதையும் காட்டுவதில்லை. நிரலுக்குள் என்ன நடக்கிறது என்றும் இதற்குத் தெரியாது, ஆகவே கண்காணிப்பும் பொருந்தாது. இது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணி முடிப்பதற்குள் நிரல் ஒரு குரல் கொடுத்தால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். குரல் வரவில்லையா, நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று சில்லை ரீசெட் செய்துவிடும். மில்லில் இரவுக் காவலர் மணிக்கொரு தரம் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். சத்தம் வராவிட்டால் மேஸ்திரி எழுந்துபோய்ப் பார்ப்பார். அதே ஏற்பாடுதான்.

எனவே ‘காவலெண்ணி’ என்று முன்வைக்கிறேன்.

இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. கோவையில் சிறிய பட்டறைகளுக்கு போர்டு வடிவமைத்து, அதற்கான நிரலும் எழுதிக் கொடுப்பது என் தொழில். இப்போது கையில் இருப்பது ஒரு பம்ப் ஸ்டார்ட்டர். காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) விடும்போது அதன் சுருளிலிருந்து கிளம்பும் மின்னழுத்தத் துள்ளல் சில்லை உறைய வைத்துவிடும். சுருளுக்குக் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் தொடராகப் போட்டால் பெருமளவு அடங்கும். மிச்சத்துக்குத்தான் காவலெண்ணி. ஆனால் சில் ரீசெட் ஆனால் ரிலே விட்டுவிடும், மோட்டார் நின்றுபோகும். தோட்டத்துக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “ஏன் நின்னுச்சு?” டிரை ரன்னா (தண்ணீர் இல்லாமல் ஓடியதா), ஓவர்லோடா, ஒரு பேஸ் போய்விட்டதா, இல்லை சில்லே ரீசெட் ஆனதா? ஏ.டி.மெகா 328 போன்ற சில்லுகளில் எதனால் ரீசெட் ஆனது என்று குறித்துவைக்கும் பிட் இருக்கிறது. அதைப் படித்துத் திரையில் தமிழில் காட்ட வேண்டும். எலக்ட்ரீசியன் அதைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் கழற்றாமல் வயரிங்கைப் பார்க்கப் போக வேண்டும். அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

திரை 128 புள்ளி அகலம். வழக்கமான இரண்டு வரி எல்.சி.டி.யில் தமிழ் எழுத்துகள் கிடையாது. நாமே வரைந்து சேர்க்கக்கூடியவையும் எட்டுதான். அதனால் கிராபிக் திரைக்குப் போனோம். அதிலும் ‘கண்காணிப்பு நேரங்காட்டி’ ஒரு வரியில் அடங்காது. ‘காவலெண்ணி’ ஐந்தே எழுத்து.

> நீரில் கலம் மூழ்கி நேரம் சொல்லிய ‘கன்னல்’ அழகான பழஞ்சொல்லாயிற்றே?

அழகுதான், அதை விட எனக்கும் மனம் வரவில்லை. துளையிட்ட கிண்ணம் நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் என்று கணக்கிட்ட மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் கன்னல் என்றதும் பலருக்குக் கரும்புதான் நினைவுக்கு வரும். பம்ப் ஸ்டார்ட்டரில் ‘கன்னல்’ என்று கண்டால் விவசாயி கரும்புப் பயிருக்கான அமைப்பு என்று நினைத்துவிடக்கூடும். வாட்ச்டாக் என்பதை அப்படியே மொழிபெயர்த்த ‘காவல்நாய்’ வேண்டாம் என்று இலங்கை நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

எண்ணி, எண் என்று குழம்பாதா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கவுண்டருக்கு ‘எண்ணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். மேல்நோக்கி எண்ணும் சில்லுக்கும் கீழ்நோக்கி எண்ணும் சில்லுக்கும் அது சரிப்படும்.

நிரல் இந்த எண்ணியை மீண்டும் முதலிலிருந்து எண்ண வைக்கும் செயலுக்கான வினைச்சொல்லாக நான் ‘குரல் கொடு’ என்கிறேன். ‘நிரப்பு’ என்றால் கீழ்நோக்கி எண்ணுவதற்கு மட்டுமே பொருந்தும். “மெயின் லூப்பில் ஒரே இடத்தில்தான் காவலெண்ணிக்குக் குரல் கொடுக்க வேண்டும், இன்டரப்டில் கூடாது” என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வருகிறது. அந்த அறிவுரையும் முக்கியம்: மெயின் லூப் (நிரல் திரும்பத் திரும்ப ஓடும் முக்கியச் சுழற்சி) செத்துக் கிடந்தாலும் டைமர் இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் நடுவே புகுந்து ஓடும் துண்டு நிரல்) பாட்டுக்கு ஓடும், அங்கிருந்து குரல் கொடுத்தால் காவலே வீண்.

இன்னொன்று தீரவில்லை. எஸ்.டி.எம்.32 சில்லுகளில் இரண்டாவதாக ஒரு வகை உண்டு. அதில் தாமதமானால் மட்டுமல்ல, குரல் முன்கூட்டியே வந்தாலும் ரீசெட்தான். ஆங்கிலத்தில் இது ‘விண்டோ வாட்ச்டாக்’; அதை அப்படியே ‘சாளரக் காவலெண்ணி’ என்பது எனக்கு ஒட்டவில்லை. ‘வரம்புக் காவலெண்ணி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கையேடு அச்சுக்குப் போகுமுன் ஐயாவும் மற்றவர்களும் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.