சிமுலேட்டருக்குத் தமிழ்ச்சொல்: ‘பழகுபொறி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்

அன்புடைய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கனரக இயந்திரங்களை ஓட்டப் பழகும் இளைஞர்களுக்காக எழுதிவரும் தமிழ்க் கையேட்டில், உண்மை இயந்திரம் போலவே இயங்கிக் காட்டும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரை எப்படிக் குறிப்பது என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். இதுவரை இந்த இழையில் பதினொரு சொற்கள் வந்துள்ளன. நான் முன்வைத்த ‘பழகுபொறி’யும் அவற்றுள் ஒன்று. அதை இன்று நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்லும் முன், மற்றவற்றுள் சில ஏன் ஒத்துவரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள்களே உள்ளன.

இடத்தைச் சொன்னால்தான் சிக்கல் விளங்கும். எங்கள் பயிற்சிக்கூடம் திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிறது. காசிமேடு, தண்டையார்பேட்டை, எர்ணாவூர், மணலி ஆகிய இடங்களிலிருந்து ஐடிஐ முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பள்ளிக்கூடம் போகும்போதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கிரேன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் கிரேனின் கேபின் 30 மீட்டருக்கும் மேலே இருக்கும். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. என் காலத்தில், மூத்த ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் மாதக்கணக்கில் நின்று பார்த்தே பழகினோம். இப்போது ஓர் அறைக்குள் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு நெம்புபிடிகள், எதிரிலும் காலடியிலும் திரைகள். பின்னால் உள்ள மேசையிலிருந்து நான் காற்றைக் கூட்டலாம், மழையை இறக்கலாம், பிரேக்கைப் பழுதாக்கலாம்.

இந்த அறைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘கேம் ரூம்’. “சார், இன்னிக்கு கேம் ரூமா?” என்று ஆவலோடு கேட்பார்கள். ஆவல் நல்லதுதான். ஆனால் கேம் என்று நினைத்து உட்காருபவன், பெட்டியைக் கப்பலின் விளிம்பில் இடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கும் பொத்தானை அழுத்துகிறான். பெயர் அவன் கையை ஆளுகிறது. ஆகவே எனக்குத் தேவைப்படுவது அகராதியில் உறங்கும் சொல் அன்று; அறைக்கதவில் எழுதிவைத்தால் அவன் வாயில் ஏறும் சொல்.

முதலில் ‘உருவகப்படுத்தி’. பல கலைச்சொல் பட்டியல்களில் இடம்பெற்றிருப்பதால் நண்பர்கள் பலர் இதையே சொன்னார்கள். என் தயக்கம் நீளத்தால் வந்ததன்று, பொருளால் வந்தது. ‘மலர்முகம்’ என்றால் உவமை. ‘முகமலர்’ என்றால் உருவகம். உவமை இரண்டு பொருள்களைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறது; உருவகமோ இரண்டும் ஒன்றே என்கிறது. இந்த அறையில் உட்காரும் பையனிடம் நான் நாள்தோறும் சொல்வது, இதுவும் கிரேனும் ஒன்றல்ல என்பதைத்தான். உருவகம் என்ற பெயர் அந்தப் பாடத்துக்கே எதிராக நிற்கிறது.

‘பாவனையாக்கி’ ஓசையில் இனிமையானது. ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் பயனாளர். நம் பக்கம் பாவனை என்றால் நடிப்பு, பாசாங்கு. கடலின் இரு கரையிலும் இரு பொருள் தரும் சொல்லைப் பாதுகாப்புக் கையேட்டில் வைக்க எனக்குத் துணிவில்லை. ‘போலி’ என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்று மதிப்பான இடம் இருப்பதை நண்பர் நினைவூட்டியது சரியே. ஆயினும் ‘போலி இயந்திரத்தில் பயிற்சி பெற்றவர்’ என்று அச்சிட்ட சான்றிதழோடு ஒருவன் வேலை கேட்டுப் போனால் வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுவார். ‘மெய்நிகர் இயந்திரம்’ கணினித் துறையில் வேறொன்றுக்கு வழங்கிவருகிறது, அதை விட்டுவிடலாம்.

இந்தக் கருவி எதில் ஒத்திருக்க வேண்டும் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் ‘வினை பயன் மெய் உரு’ என்று நான்காக வகுக்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். சிமுலேட்டர் விற்க வருபவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டையே காட்டுகிறார்கள்: கடல் எவ்வளவு நீலமாக இருக்கிறது, பெட்டியில் துரு எப்படிப் படிந்திருக்கிறது, மாலை வெயில் எப்படி விழுகிறது என்று. நான் பார்ப்பது முதலாவதான வினையை. எளிய ஊசல் கணக்கின்படி, கம்பிவடம் 20 மீட்டர் இறங்கியிருந்தால் தொங்கும் பெட்டி ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 9 வினாடி ஆகும்; வடம் 5 மீட்டராகச் சுருங்கினால் ஏறத்தாழ 4.5 வினாடி. பெட்டி வெறுமையாக 2 டன்னே இருந்தாலும், சரக்கோடு 30 டன் இருந்தாலும், ஆட்டத்தின் நேரம் மாறாது. கனமான பெட்டி மெதுவாக ஆடும் என்றுதான் புதியவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆட்டத்தைக் கண்டதும் நெம்புபிடியைப் பின்னால் இழுத்து அதை இரட்டிப்பாக்குகிறார்கள். பெட்டி வீசிச் செல்லும் பக்கமே, வடத்தைத் தாங்கி மேலே ஓடும் வண்டியான டிராலியையும் ஓடவிட்டு, அது வீச்சின் எல்லையில் ஒரு கணம் நிற்கும்போது அதன் தலைக்கு நேர்மேலே டிராலியை நிறுத்திவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது; நூறு முறை தவறிய பிறகே கை கற்றுக்கொள்ளும். இந்த ஆட்டத்தைச் சரியாகக் காட்டும் பொறிக்குத் திரை மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். ஆட்டம் தவறிய பொறியில் எத்தனை அழகான கடல் தெரிந்தாலும், அது தவறான பழக்கத்தையே கையில் ஏற்றி அனுப்பும். அந்தப் பழக்கத்தைக் களைவது, ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் செய்த விமானப் பயிற்சிப் பெட்டிக்குக் குட்டையான சிறகுகள். பார்வைக்குக் குழந்தைகள் ஏறி ஆடும் பொம்மை போலிருக்கும். அவர் தந்தையின் தொழிற்சாலையில் இசைக்கருவிகள் செய்தார்கள். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே இவர் அந்தப் பெட்டியைச் சாயவும் நிமிரவும் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே. ஆகவே ‘கேம் ரூம்’ என்று அழைக்கும் எங்கள் பிள்ளைகளை மட்டும் குறைசொல்வதற்கில்லை. 1934-இல் அஞ்சல் சுமந்து பறந்த அமெரிக்க இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகுதான் இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. மூடியை மூடிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வானமும் தெரியாது, நிலமும் தெரியாது, கருவிகளின் முள்கள் மட்டுமே தெரியும். மெய்யும் உருவும் இல்லை. வினையும் பயனும் மட்டுமே இருந்தன. அதுவே போதுமாயிருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணித்தான் ‘பழகுபொறி’ என்றேன். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் சொல்லும்போது அப்ரண்டிஸைத் தொழிற்பழகுநர் என்கிறோம். வண்டி ஓட்டப் பழகும் எவரும் பழகுநர் உரிமம் வாங்குகிறார். ‘தேடுபொறி’ என்ற வினைத்தொகை ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. பழகிய பொறி, பழகுகிற பொறி, பழகும் பொறி என்று மூன்று காலமும் உள்ளே ஒடுங்கிய ஒரு சொல் கிடைத்த மகிழ்ச்சியில் அன்று இரவே இழையில் எழுதிவிட்டேன்.

வியாசர்பாடியிலிருந்து எழுதும் தமிழாசிரியை அம்மா அதை இரண்டே வரியில் வீழ்த்தினார்: “ஐடிஐயில் பிள்ளைகள் பழகும் லேத் உண்மையான லேத் அல்லவா? அதுவும் பழகுபொறிதானே?” உண்மை. ஐடிஐ லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், வெட்டுளி உடைந்தால் உடைந்ததுதான். விரல் நசுங்கினால் நசுங்கியதுதான். பழகுவதற்குரியது என்பது இரண்டுக்கும் பொது. தவறினால் எதுவும் உடையாது என்பதுதான் சிமுலேட்டரைத் தனியாகப் பிரிக்கிறது. என் சொல் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை.

அந்தக் கோட்டைச் சரியாகத் தொடும் சொல் நம் வாயிலேயே இருந்திருக்கிறது: ஒத்திகை. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம். மணலியில் ஆலைகள் நடத்தும் தீ விபத்துப் பயிற்சியையும், கடலோரக் காவலர்கள் படகில் வந்து நடத்தும் பயிற்சியையும் நாளிதழ்கள் ‘ஒத்திகை’ என்றே எழுதுகின்றன. ஒத்திகையில் வசனம் தவறலாம், அரங்கேற்றத்தில் தவறக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘ஒத்து’ என்ற ஒலி காதில் விழுவதால் ஒப்புமையும் தானாகவே வந்துவிடுகிறது. ஆகவே கருவிக்கு ‘ஒத்திகைப் பொறி’ என்பதையும், அதில் செய்யும் செயலுக்கு ‘ஒத்திகை பார்த்தல்’ என்ற பழைய வழக்கையும் முன்மொழிகிறேன். விமானம், கப்பல், இரயில் எஞ்சின், மண்வாரி என எதனோடு சேர்த்தாலும் இடறவில்லை. (மண்வாரியை நம் ஊரில் ஹிட்டாச்சி, பொக்லைன் என்று நிறுவனப் பெயர்களாலேயே அழைக்கிறோம், அது வேறோர் இழைக்கான சண்டை.)

எதிர்பார்க்கும் மறுப்பு ஒன்று உண்டு. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வேர்ச்சொல்தானே, அங்கே யார் ஒத்திகை பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். யாரும் இல்லை. அதற்கு ‘ஒப்புருவாக்கம்’ என்ற சொல் இருக்கட்டும். ஆங்கிலச் சொல் ஒன்று எத்தனை பொருளை வளைத்துப் போட்டிருக்கிறதோ அத்தனையையும் நம் ஒரே சொல் வளைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் நம் பட்டியல்களில் இத்தனை சொற்கள் உயிரின்றிக் கிடக்கின்றன என்பது என் எண்ணம்.

இரண்டு துணைச்சொற்களும் வேண்டும். திரை ஆடுகிறது, உடல் ஆடவில்லை. கண் சொல்வதும் உட்காது சொல்வதும் முரண்படுவதால் சிலருக்கு அரைமணி நேரத்தில் தலை சுற்றிக் குமட்டுகிறது. அதைத் ‘திரைக் கிறுகிறுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். மற்றது பதிவேட்டுக்குரியது. ஓரிடத்தில், பெயர் வேண்டாம், சிமுலேட்டரில் உட்கார்ந்த 40 மணி நேரத்தை அப்படியே கிரேன் ஓட்டிய நேரமாகப் பதிவேட்டில் ஏற்றியிருந்ததைப் பார்த்தேன். உண்மையான கேபினில் முதல்நாள் ஏறிய அந்தப் பையன், காற்றில் கேபின் அசைந்ததும் இரண்டு பிடிகளையும் விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ‘ஒத்திகை நேரம்’, ‘பணி நேரம்’ என்று இரண்டு தனிப் பத்திகள் இருந்தால் இந்தக் கலப்பு கடினமாகும்.

மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து,
ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர், இன்றைய பயிற்றுநர்

*

ஐயா அவர்களுக்கு,

லேத்தை முன்வைத்து நான் கேட்டதை இத்தனை பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. ‘ஒத்திகைப் பொறி’ எனக்கு உடன்பாடே. இரண்டு ஐயங்கள். ஒன்று, சொல் நீளம். ‘கணிப்பொறி’ என்று தொடங்கிய நாம் ‘கணினி’யில் வந்து நின்றோம்; பேச்சில் பொறி உதிர்ந்துவிடும். மற்றொன்று, தென்மாவட்ட உறவினர் ஒருவரிடம் சொன்னேன். அவர் காதில் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் விழுந்தது. இரண்டாவதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். முதலாவதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வியாசர்பாடியிலிருந்து

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உதிரட்டும் அம்மா. நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் பொறி உதிர்ந்து, “சார், எனக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேச்சில் ‘ஒத்திகை’ என்று சுருங்கினாலும் பொருள் கெடவில்லை; ‘பழகுபொறி’யில் பொறி உதிர்ந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எழுத்தில் மட்டும் முழுச்சொல்லைக் காப்போம். தேடுவோருக்கு எளிதாகக் கிடைக்கும்படி இடைவெளி விடாமல் ‘ஒத்திகைப்பொறி’ என்று சேர்த்தே அச்சிடலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மெய்ப்புத்தாள் வியாழனன்று வருகிறது.