புதுப்பிப்பு: கட் லிஸ்டில் அடிக்கணக்கு தப்பாக வந்த விஷயம்

முந்தைய பதிவின் சுருக்கம்: வியாசர்பாடி குறும்படக் குழுவின் கட் லிஸ்டை (எந்த ஷாட் எந்த ஃபிரேமில் தொடங்கி எதில் முடிகிறது என்ற பட்டியல்) எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து, எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட் (அந்த ஃபைலை வேறு வடிவுக்கு மாற்றும் விதிகள்) போட்டு அட்டவணையாக்கினோம். பக்கம் வெறுமையாக வந்தது. அட்டவணை வந்தபோது அடிக்கணக்கு (ஷாட்டின் ஃபிலிம் நீளம், அடியும் ஃபிரேமுமாக) உதைத்தது. இரண்டும் தீர்ந்தது.

வெறும் பக்கத்துக்குக் காரணம் குரோம். கணினியில் கிடக்கும் ஃபைலுக்கு அது ஸ்டைல்ஷீட்டை ஓட்டாது. டெர்மினலில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் (xsltproc) என்ற கட்டளையை வைத்து ஹெச்டிஎம்எல்லாக மாற்றிவிட்டுத் திறங்க.

அடிக்கணக்குதான் பெரிய கூத்து. 35 எம்எம் ஃபிலிம், ஃபிரேமுக்கு நான்கு பெர்ஃபரேஷன் (ஓரத் துளை) என்றால் அடிக்கு 16 ஃபிரேம். 16 எம்எம் என்றால் 40. அதனால் 100 ஃபிரேம் ஷாட் முதலாவதில் 6 அடி 4 ஃபிரேம், இரண்டாவதில் 2 அடி 20 ஃபிரேம். எக்ஸ்பாத்தில் (ஸ்டைல்ஷீட்டுக்குள் கணக்கு எழுதும் மொழி) வகுக்க சாய்கோடு போடாதீங்க, அது பாதைக்குறி. 'டிவ்' (div) என்றுதான் எழுதணும். முழு அடிக்கு ஃப்ளோர் (floor), மிச்ச ஃபிரேமுக்கு 'மாட்' (mod). லிஸ்டில் கடைசி ஃபிரேமும் ஷாட்டில் சேர்த்தி என்றால், கடைசி ஃபிரேம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தபின் ஒன்று கூட்டணும். அதை விட்டால் ஷாட்டுக்கு ஒரு ஃபிரேம் குறையும். 300 ஷாட்டில் 35 எம்எம்முக்கு 18 அடி 12 ஃபிரேம் காணாமல் போயிருக்கும்!

ஷாட் 10, 2-க்கு முன்னால் வந்தால் ஸ்டைல்ஷீட்டில் வரிசைப்படுத்தும் சார்ட் (sort) எழுத்துவரிசையில் ஓடுகிறது. அதன் டேட்டா டைப்பை நம்பர் (number) என்று மாற்றுங்க.

தமிழ்க் குறிப்புகளின் எழுத்து உடைந்தால் ஃபைலை யுடிஎஃப்-8 எழுத்துக்குறியீட்டில் சேமிங்க. பெரம்பூர் ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப்பாகவே கொண்டுபோங்க, ஏ4 படுக்கைவாட்டில்.