எறந்துபோன அம்மாகிட்ட எப்படி மன்னிப்பு கேக்குறது?

லிந்துல பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு, கொழும்புல ஹார்ட்வெயார் கடையில வேல. 2016ல அம்மா தோட்டத்து வேலைய விட்டு நின்னு ஈபிஎஃப் காசு எடுத்தாங்க, வாழ்க்க பூரா கொழுந்து பறிச்சு சேந்த காசு. நாங்க இருந்த தோட்டத்து வீட்டுக் காம்பராவுக்கு கூரைத் தகரம் மாத்தணும்னு வச்சிருந்தாங்க, மழ வந்தா இஸ்தோப்புல இருந்து அடுப்படி வரைக்கும் சட்டி வச்சுத்தான் தண்ணி புடிப்போம். நான் த்ரீவீல் லீசிங் கட்டணும்னு பொய் சொல்லி வாங்கி அத்தனையும் குடிச்சு அழிச்சேன். அம்மா ஒரு வார்த்த கேக்கல. 2019ல போயிட்டாங்க. சாவு வீட்டுலயும் கூர ஒழுகிச்சு.

குடிய விட்டு நாலு வருசம் ஆச்சு. மாரியம்மனுக்கு நேந்துகிட்டு தீ மிதிச்சேன். சிவனொளிபாதமலைக்கும் போறேன், அங்க மேல எத்தன தடவ ஏறுனோமோ அத்தன தடவ மணி அடிக்கணும்ல, இந்த வருசம் மூணாவது மணி அடிக்கையில அழுதுட்டேன், எறங்கி அடிவாரத்துல நல்லதண்ணி ஊருக்கு வந்தா பழையபடி நெஞ்சுல கல்லு. சாமி மன்னிச்சிருக்கும்னு நம்புறேன். ஆனா நான் ஏமாத்துனது அம்மாவ. தங்கச்சி இன்னும் அதே காம்பராவுலதான் இருக்கு, என்கூட பேசுறதில்ல.

ஹட்டன் அக்கா:
தம்பி, நாங்க வேதக்காரங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். சகேயுன்னு ஒரு வரி வசூலிக்கிறவன், இயேசுவ பாக்குறதுக்காக மரத்துல ஏறி உக்காந்திருந்தான். அவர் அவன திட்டல, எறங்கி வா, இன்னிக்கு ஒன் வீட்டுல தங்கணும்னாரு. அதுக்கப்புறந்தான் அவனே எழும்பி நின்னு சொத்துல பாதி ஏழைங்களுக்கு, ஏமாத்தினவங்களுக்கு நாலு மடங்கு குடுக்குறேன்னான். குடுன்னு யாரும் கேக்கல பாருங்க. ஒங்களுக்கும் சாமி மன்னிப்பு மொதல்ல கெடச்சிருச்சு, இப்ப குடுக்குற வேலதான் மிச்சம். அம்மா இல்ல, ஆனா அந்தக் கூர இருக்குதே தம்பி.

பொகவந்தலாவ அண்ணன்:
நானும் குடிச்சு அழிஞ்சு திரும்புனவன். 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ல பன்னெண்டு படி இருக்கு, எட்டாவது யார் யாருக்கு கெடுதி பண்ணினோம்னு எழுதிப் பாக்குறது, ஒம்பதாவது அவங்களுக்கு நேரடியா ஈடு செய்யறது, ஆனா அதனால அவங்களுக்கோ வேற ஆளுக்கோ பாதிப்பு வரும்னா செய்யக்கூடாது. இந்தக் கடைசிப் பகுதிய நல்லா புடிச்சுக்க. ஒன் பாரத்த எறக்குறேன்னு அத தங்கச்சி தலையில ஏத்திராத. போன்ல அழுது மன்னிச்சிட்டேன்னு சொல்லுன்னு நெருக்காத. அதுக்காக தனியா மனசுலயே போட்டு பொத்தியும் வைக்காத தம்பி, எனக்கு ரெண்டு தடவ அந்தக் குத்த உணர்ச்சிதான் திரும்ப சாராயத் தவறணைக்கு கூட்டிட்டுப் போனது.

கொழுந்துக்காரி மக:
நான் ஒங்க தங்கச்சி எடத்துல இருக்குறவ. எங்க அண்ணனும் இப்படித்தான், திருந்துன பொறவு பை நெறைய சாமானோட வந்து நின்னாங்க, எனக்கு கோவம்தான் வந்திச்சு. சாமான் குடுத்து வாய அடைக்கிற மாதிரி இருந்திச்சு. ரெண்டு வருசம் கழிச்சு, நான் பொய் சொன்னேன், அம்மா நகைய வித்தது நான்தான்னு எம்மொகத்த பாத்து சொன்னாங்க, குடியால வந்திச்சு கூட்டாளிங்களால வந்திச்சுன்னு ஒரு சாக்கும் இல்லாம. அன்னைக்குத்தான் டீ ஊத்திக் குடுத்தேன். அதனால தகரத்துக்கு முன்னாடி உண்மைய கொண்டு போங்க அண்ணா.

லிந்துல பையன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னத படிச்சிட்டு கடையில நின்னபடியே அழுதேன். நான் எடுத்த காசு எவ்ளோ, என்ன பொய் சொன்னேன்னு எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிட்டேன், நேர்ல வாசிச்சுக் காட்டப் போறேன். தங்கச்சிக்கு ஞாயித்துக்கெழம வரவா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கூரையையும் அளக்கணும்னு மட்டும் மெசேஜ் போட்டேன். மூணு நாளா பதில் இல்ல. இன்னிக்கு காலையில ஒரு வாய்ஸ் வந்திச்சு, "வீட்டுல அளக்குற டேப் இல்ல, வரும்போது கொண்டா."