மறு: தகரக்குழல் வேண்டேக்கை கேக்கிற "பாக் பிறஷர்" - தமிழிலை என்ன சொல்?

வணக்கம் எல்லாருக்கும்,

> சுன்னாகத்திலை இருக்கிற தம்பிக்கு நல்ல தகரக்குழல் ஒண்டு வேண்டி அனுப்பப் போறன். செய்யிற ஆக்கள் பாக் பிறஷர் கூடவோ குறையவோ வேணும் எண்டு கேக்கினம். உதுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது? அவனுக்கு விளங்கப்படுத்த வேணும்.

ரொறன்ரோத் தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. தகரக்குழல் எண்டது ஆங்கிலத்திலை ரின் விசில் (tin whistle) எண்டு சொல்லுற ஆறு துளைக் குழல், பாக் பிறஷர் (back pressure) எண்டது அதை ஊதேக்கை வாயிலை தெரியிற எதிர்ப்பு. எங்கடை சொற்பட்டியலுக்கு இதுவரைக்கும் மூண்டு சொல் வந்திட்டுது, பின்னழுத்தம், எதிரமுக்கம், மூச்சுத்தடை. மூண்டிலையும் எனக்கு மனம் ஒப்பேல்லை, ஏன் எண்டு கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல வாத்தியத்தின்ரை பேர். அது தகரக்குழல் எண்டே இருக்கட்டும். விலை கூடின குழலுகளிலை அநேகமாத் தகரமே இல்லை எண்டு கொழும்பு அண்ணை சொன்னது சரிதான், பித்தளை, அலுமினியம், ஆபிரிக்கக் கருமரம், டெல்றின் எண்ட இறுக்கமான பிளாஸ்ரிக் எண்டுதான் இப்ப வருது. ஆனா 1843இலை இங்கிலாந்திலை றொபேட் கிளார்க் தகரத் தகட்டை உருட்டி வாயிலை மரத்தக்கை வைச்சுச் செய்யத் தொடங்கினதிலை இருந்து வந்த பேர், ஐரிஷ்காரரும் அந்தப் பேரை விடேல்லை, நாங்களும் விடத் தேவையில்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். குழலின்ரை வாயை வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சுப் பாத்தா ஒரு தட்டையான ஒடுக்கமான வழி தெரியும், கீழை தக்கை, மேலை கூரை, நடுவிலை ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இடைவெளி. ஊதுற காத்து அந்த வழியாலை மெல்லிசாப் பரந்து வந்து, அந்தப் பக்கம் இருக்கிற சின்ன யன்னலின்ரை கூர் விளிம்பிலை அடிபட்டு மாறி மாறி மேலையும் கீழையும் பிரியுது, அதுதான் சத்தம். எங்களுக்கு வாயிலை தெரியிற எதிர்ப்பு முழுக்க அந்த ஒடுக்கமான வழியிலைதான் பிறக்குது. ஆறு துளையையும் பொத்தினாலும் திறந்தாலும் அது பெரிசா மாறாது, ஊதிப் பாத்தா உடனை விளங்கும். அப்ப குழலுக்குப் பின்னாலை இருந்து ஒண்டும் திரும்பி வரேல்லை எல்லே, பிறகு எப்பிடிப் பின்னழுத்தம் எண்டு சொல்லுறது? அது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது மட்டும்தான்.

எதிரமுக்கம் அதைவிட நல்ல சொல். எங்கடை பள்ளிக்கூடப் புத்தகத்திலை அமுக்கம் எண்டுதான் படிச்சனாங்கள், எஞ்சின் புகைக்குழாய்க்கு நான் சந்தோசமா ஏத்துக்கொள்ளுவன். ஆனா இஞ்சை அமுக்கம் இல்லை முக்கியம். ஒரு சுரத்துக்கு விளிம்பிலை அடிக்கிற காத்தின்ரை வேகம், யன்னல் ஒரே அளவான குழலுகளிலை, கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வேணும், மாறுறது எவ்வளவு காத்துச் செலவாகுது எண்டதுதான். வழி ஒடுக்கம் எண்டால் கொஞ்சக் காத்தோடை நீண்ட சங்கதியையும் ஒரே மூச்சிலை ஊதலாம், வழி அகலம் எண்டால் மூச்சு சுறுக்கா முடிஞ்சிடும். அமுக்கம் எண்டு சொன்னா புதுசாப் பழகிற பிள்ளை அமத்தி ஊதவேணும் எண்டுதான் நினைக்கும், அமத்தி ஊதினா சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிடும்.

மூச்சுத்தடையைப் பற்றிக் கன எழுதத் தேவையில்லை. அது ஆஸ்பத்திரிச் சொல். குழல் வேண்டப் போற பிள்ளைக்கு அதைக் குடுக்க ஏலாது.

நான் சொல்லுறது எதிர்மூச்சு. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தாலை சைக்கிள் உழக்கிறவைக்கு எதிர்க்காத்து எண்டால் என்ன எண்டு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, கால் சொல்லிப்போடும். இதுவும் அப்பிடித்தான், அளந்து பாக்கிற ஒண்டில்லை, மூச்சு தானே உணருற ஒண்டு. வசனத்திலை வைச்சுப் பாருங்கோ: "இந்தக் குழலுக்கு எதிர்மூச்சு காணாது", "எதிர்மூச்சு கூடினதாப் பாத்து எடுங்கோ". வாயிலை இலகுவா வருது, கடையிலை நிண்டு கதைக்கவும் கூச்சமில்லை.

இதோடை இன்னொண்டையும், அதாவது ஊதுற பலத்தையும், பிரிச்சு வைக்கவேணும், கனபேர் குழப்பிறது இதிலைதான். அயர்லாந்துப் பாட்டுக்காரர் ஃபின்பார் ஃபியூறிக்காக பேர்னாட் ஓவர்ரன் 1970களின்ரை தொடக்கத்திலை அலுமினியத்திலை ஒரு தாழ்சுருதிக் குழல் செய்து குடுத்தார். அந்த வழியிலை இண்டைக்கு ஜேர்மனியிலை கொலின் கோல்டி செய்யிறார். மெதுவா ஊதினாலே பேசுறது, நடு அளவு, பலமா ஊதவேண்டியது எண்டு ஊதுற ஆளின்ரை விருப்பத்துக்கு ஏத்தமாதிரி அவர் செய்து குடுப்பார். அது ஊதுற பலத்தைப் பற்றினது, எதிர்மூச்சு எண்டது காத்து ஓடிப் போக எவ்வளவு எதிர்ப்பு இருக்கு எண்டது, இரண்டும் ஒண்டில்லை. பலத்துக்குப் புதுச் சொல்லே தேவையில்லை, மெல்லினம் இடையினம் வல்லினம் எண்டு சின்ன வயசிலை படிச்சது கிடக்குது. மெல்லூதல், இடையூதல், வல்லூதல் எண்டு பட்டியல்ல போடுவம்.

தக்கைக்கு அணைசு எண்டு ஒரு ஐயா எழுதினவர். வடிவான சொல், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதின உரையிலை, வெண்கலத்தாலை அணைசு செய்து குழலின்ரை இடப்பக்கத்தை அடைக்கிறது எண்டு வருது. எனக்கும் ஆசைதான். ஆனா நாதஸ்வரக்காரர் அடியிலை விரிஞ்சு இருக்கிற பாகத்தைத்தான் அணைசு எண்டு இண்டைக்கும் சொல்லுகினம், இணுவில், அளவெட்டிப் பக்கம் போய் உந்தச் சொல்லைச் சொன்னா நாயனத்தின்ரை அடியைத்தான் காட்டுவினம். புழங்கிற சொல்லிலை கை வைக்கக்கூடாது. தக்கையே போதும்.

இனித் தங்கச்சி, உங்கடை தம்பிக்கு எது எண்டு. புல்லாங்குழல் பழகிற பிள்ளை எண்டு எழுதினீங்கள், அப்ப கமகம் விரலாலை வரவேணும், விரல் துளையிலை வழுக்கேக்கை மூச்சு ஆடாமல் நிக்கவேணும். எதிர்மூச்சு காணாத குழலிலை மூச்சு கொஞ்சம் ஆடினாலும் சுருதியும் சேந்து ஆடும். அதாலை எதிர்மூச்சு நடு அளவுக்குக் கொஞ்சம் மேலை, இடையூதல், இதுதான் என்ரை தெரிவு. சுருதி டி எண்டால் எல்லாத் துளையும் பொத்தின சுரம் எங்கடை கணக்கிலை 2 கட்டை, அதைச் சட்சமா வைச்சு ஒவ்வொரு துளையாத் திறந்துகொண்டு போனா சங்கராபரணம் நேரா வரும், முதல்ல பழக அது நல்லது.

மற்றது எங்கடை வெக்கை. இதை ஒருத்தரும் சொல்லேல்லை. ஐரோப்பாவிலை செய்யிற குழலை 20 பாகை அளவிலை சுருதி பாத்தா, இஞ்சை சித்திரை வைகாசியிலை 32 பாகை. ஒலியின்ரை வேகம் செக்கனுக்கு 343 மீற்றரிலை இருந்து 350 மீற்றர் ஆகுது, அந்தக் கணக்குக்கு அரைச்சுரத்திலை மூண்டிலை ஒரு பங்கு சுருதி ஏறவேணும். எங்கடை மூச்சுக்கு எங்கை இருந்தாலும் ஒரே சூடு எண்டதாலை அவ்வளவும் ஏறாது, ஆனா கீபோட்டோடை சேந்து ஊதினா காதிலை குத்தும். அதாலை தலைப்பாகம் இழுக்கக்கூடிய குழல்தான் வேணும், கொஞ்சம் வெளியிலை இழுத்தா நீளம் கூடி சுருதி இறங்கும். இழுக்க ஏலாத குழல் எவ்வளவு நல்ல பேர் எடுத்தாலும் இஞ்சைக்கு வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். அமெரிக்காவிலை மைக்கல் பேர்க் செய்த பித்தளை, அலுமினியக் குழலுகளிலை இழுக்கிற வசதி இருக்கு.

மரம் வேண்டாம். கிறிஸ் ஏபல் கருமரத்திலை செய்யிறதின்ரை நாதம் வேறை தரம்தான், ஆனா ஆடி மாசக் காய்ச்சலும் கார்த்திகை மாரியும் மாறி மாறி அடிக்க மரம் வெடிக்கப் பாக்கும், வெளிநாட்டிலை இருக்கிற ஆள் வந்து திருத்தித் தரவும் போறதில்லை. பித்தளை கடற்காத்துக்குக் கறுக்கும், துடைச்சா சரி. அலுமினியத்துக்கு அந்தக் கரைச்சலும் குறைவு.

எதிர்மூச்சு கூடின குழலிலை ஒரு சங்கடம் இருக்கு, வழி ஒடுக்கம் எண்டதாலை மூச்சிலை இருக்கிற ஈரம் படிஞ்சு சுறுக்கா அடைக்கும், ஏசி போட்ட மண்டபத்திலை இன்னும் மோசம். சட்டி கழுவிற திரவத்திலை ஒரு சொட்டைத் தண்ணியிலை கலந்து அந்த வழிக்குள்ளை விட்டு, துடைக்காமல் அப்பிடியே காயவிடச் சொல்லுங்கோ, பிறகு ஈரம் துளியாத் திரளாமல் பரந்து ஓடிப்போகும். ஊத முந்திக் கையுக்குள்ளை கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்கினாலும் உதவும். ஊசி, கம்பி ஒண்டும் உள்ளை விடக்கூடாது, விளிம்பிலை ஒரு கீறல் விழுந்தாலே சத்தம் கெட்டுப்போகும்.

கடைசியா, அந்த ஒடுக்கமான வழிக்கு என்ன பேர் எண்டதை இன்னும் தீர்க்கேல்லை. நான் ஊதுவழி எண்டு எழுதலாம் எண்டு பாக்கிறன், சென்னை நண்பர் காற்றுத்தடம் எண்டு எழுதியிருக்கிறார். ஊதுவழி எண்டால் வாய் வைக்கிற இடம் எண்டு ஆரும் பிழையா விளங்குவினமோ எண்டது ஒண்டுதான் என்ரை யோசினை. குழல் ஊதுற ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்கோ, வாற கிழமை பட்டியல்ல ஏத்தவேணும்.

அன்போடை,
கொக்குவிலிலை இருந்து