மறு: 7,20,720 போன்ற எண்களுக்குப் பெயர்: ‘காரணி விஞ்செண்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ஆங்கிலத்தில் highly composite number என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘காரணி விஞ்செண்’ என்று நான் சொன்னதற்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> ‘உயர் பகு எண்’ என்றே வைத்துவிடலாமே? ஆங்கிலத்துக்கும் அதுதான் நேர்.

ஐயா, நேர்தான். ஆனால் அந்த ஆங்கிலப் பெயரிலேயே பொருள் சரியாக விழவில்லை. ‘உயர் பகு’ என்றால் பகா எண்கள் நிறையப் பெருகி வந்தது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 5,24,288-ஐப் பாருங்கள். பத்தொன்பது இரண்டுகளின் பெருக்கல். காரணிகளோ வெறும் 20. நம் 7,20,720 என்பது 2⁴×3²×5×7×11×13, அதாவது திரும்ப வருவதையும் சேர்த்துப் பத்தே பகா எண்கள். அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் 5×3×2×2×2×2, மொத்தம் 240 காரணிகள்! ஒன்றிலிருந்து பதினாறு வரை எதனாலும் மீதியின்றி வகுபடும். இதற்குக் கீழே உள்ள எந்த எண்ணின் காரணி எண்ணிக்கையும் 224-ஐத் தாண்டவில்லை. இராமானுசன் 1915 கட்டுரையில் எடுத்துக்கொண்ட பண்பு இந்தத் தாண்டல்தான்.

> தொண்டிப் பக்கம் மீனைக் கூறு வைப்போம். ‘பல்கூறெண்’ எப்படி?

தம்பி, கேட்கவே நன்றாக இருக்கிறது. கீழக்கரையில் என் வகுப்பிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். 48 நண்டு என்றால் 2, 3, 4, 6, 8, 12, 16, 24 என எத்தனை கூறாகவும் வைக்கலாம். ஒரு நண்டு கூடிவிட்டால் ஏழு கூறு, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு தடை. வெக்டர் பாடத்தில் ‘கூறு’ (component) ஏற்கெனவே இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ‘பல்’. 96-க்கும் 12 காரணிகள் உண்டு, பலதான். ஆனால் 60 அதே பன்னிரண்டை முன்பே எட்டிவிட்டதே! ஆகவே 96 இந்த வகையில் சேராது. ‘பல்கூறெண்’ என்றால் உள்ளே வந்துவிடும்.

கீழே உள்ள எல்லாவற்றையும் விஞ்ச வேண்டும், சமமானால் போதாது. அதனால்தான் ‘காரணி விஞ்செண்’ என்கிறேன். ‘முந்தெண்’ணும் யோசித்தேன், ஆறாம் வகுப்பு ‘முன்னி’யோடு (ஓர் எண்ணுக்கு முந்தைய எண்) குழம்பும்.

ஓர் எண்ணை மட்டும் தனியே பார்த்து இந்தப் பண்பைச் சொல்லிவிட முடியாது, கீழே உள்ள அத்தனையோடும் ஒப்பிட வேண்டும் என்பதை வரையறையிலேயே எழுதிவிடுவோம். இராமானுசன் கையால் போட்ட பட்டியல் 67,46,32,83,88,800 வரை போகிறது. அதில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

அப்புறம் இன்னொரு வகை. காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணாலேயே வகுத்தால் வரும் ஈவிலும் கீழுள்ளவற்றை விஞ்சும் எண்கள் உண்டு. 7,20,720 அதிலும் சேரும். கூட்டுத்தொகை 32,49,792, ஈவு நாலரைக்குச் சற்று மேல். ஆங்கிலத்தில் superabundant. அதற்கு ‘மிகை’ வேண்டாம், பாடநூலில் ‘மிகை முழு’ (சுழியத்தைவிடப் பெரிய முழு எண்) இருக்கிறது. ‘ஈவு விஞ்செண்’ என்று வைக்கலாமா? மாற்றுச் சொல் இருந்தால் எடுத்துக்காட்டு எண்ணோடு எழுதுங்கள்.