ஐப்பசி மழைக்கு முன்னாடி கற்பூரவல்லி பதியம்: எட்டு போச்சு

கொருக்குப்பேட்டை மாடி:
பத்துக் குச்சியில எட்டு அவுட். இலையெல்லாம் பச்சையா நிமிர்ந்துதான் இருந்துச்சு. லேசா இழுத்தா அடித்தண்டு கறுத்து, தோல் மட்டும் வழவழன்னு விரல்ல ஒட்டிக்கிட்டு வருது. வெட்டின கையோட ஈர மண்ணுல நட்டது, அப்புறம் நாலு நாள் விடாத மழை. சன்ஷேடுக்குக் கீழ இருந்த ரெண்டு கப்பு மட்டும் நிக்குது.

தண்டையார்பேட்டை தொட்டி:
வெட்டுவாய் காயல அண்ணா, அதான். அந்தத் தண்டு முழுக்கத் தண்ணி, ஈரத்துல போனா பூஞ்சை நேரா உள்ள ஏறும். ஒரு நாள் நிழல்ல போட்டுட்டு நடணும். பூ விடாத நுனிக்கிளை, 10 செ.மீ. போதும். கணுவுக்குக் கீழ ஒட்டி பிளேடால வெட்டுங்க. கத்தரிக்கோல் தண்டை நசுக்கிடும். கீழ ரெண்டு ஜோடி இலையைக் கிள்ளிட்டு அந்தக் கணுவை மண்ணுக்குள்ள விடணும். ஆத்து மணல் ரெண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு. வேர் வர்ற வரைக்கும் எரு ஒரு பிடிகூட வேணாம். தயிர் கப்பு அடியில ஓட்டை ஒண்ணு பத்தாது, நாலு. துளிர் வந்துச்சுன்னு ஏமாறாதீங்க, தண்டுல இருக்கிற சத்துலயே ரெண்டு இலை விடும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு மெல்ல இழுத்தா பிடிமானம் இருக்கணும்.

எண்ணூர் காத்து:
கோகோபீட்டை அப்படியே போட்றாதீங்க, உப்பு இருக்கும். மூணு தடவை ஊற வெச்சுப் பிழியணும், அதுவும் மெட்ரோ தண்ணியில, அதான் குழாய்ல வர்ற குடிதண்ணி. நம்ம பக்கத்து போர்வெல் தண்ணியில அலசினா உப்பை உப்பால கழுவின கதைதான். இலை ஓரம் கருகும், தண்ணி பத்தலைன்னு இன்னும் ஊத்துவோம், வேர் போயிடும்.

வியாசர்பாடி பச்சை:
குளிருக்கு வீட்டுக்குள்ள தூக்கி வெக்கச் சொல்றாங்களே?

தண்டையார்பேட்டை தொட்டி:
அது உறைபனி விழற ஊருக்கு. இங்க மார்கழி ராத்திரியிலயே 20 டிகிரி பக்கம்தான், செடி சும்மா கம்முனு நிக்கும். நம்ம ஊர்ல கொல்றது தண்ணி.

ராயபுரம் பால்கனி:
முதல்ல தலைப்பைத் திருத்துங்க. இது பதியம் இல்ல, குச்சி நடறது. பதியம்னா கிளையை வெட்டாமலே வளைச்சு, பக்கத்துத் தொட்டி மண்ணுல ஒரு கணுவைப் புதைச்சு, ஹேர்பின்னோ வளைச்ச கம்பியோ குத்தி நிறுத்தறது. நுனி வெளியவே இருக்கணும். தாய்ச்செடி தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கும், வேர் வரலைன்னாலும் கிளை வாடாது. வேர் பிடிச்சதும் தாய்ப்பக்கம் வெட்டு, ஒரு வாரம் அசைக்காதே. மழை ஆரம்பிச்சப்புறம் யோசிக்கிறவங்களுக்கு இதுதான் சேஃப். புதினாவுக்கு இதுகூட வேணாம், படர்ற தண்டு தானே வேர் விட்டிருக்கும், துண்டு போட்டு நடலாம்.

கொருக்குப்பேட்டை மாடி:
தலைப்பு இருக்கட்டும் சார். அழுகின எட்டு கப்பு மணலை மறுபடி யூஸ் பண்ணலாமா?

ராயபுரம் பால்கனி:
தகரத்து மேல பரப்பி நல்ல வெயில்ல நாலஞ்சு நாள் காய விட்டா பண்ணலாம். ஐப்பசியில வெயிலுக்கு எங்க போறது? கொட்டிடுங்க.