ஆங்கிலக் கட்டுரையில் 'மோர் லைவ்லியர்' (more livelier) என்ற தவறைத் திருத்திய அனுபவம் உண்டா?

டியூசன் டீச்சர்:
மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் கடைசிப் பகுதிக்கு 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும். திருவிழா, பசார் மாலாம் (இரவுச் சந்தை) என்று தலைப்பு கொடுத்தால் போதும், 'மோர் லைவ்லியர்' வந்து நிற்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'போன வருஷத்தைவிடக் கலகலப்பு' என்கிறோம்; கலகலப்பு மாறுவதில்லை. மலாயிலும் கலகலப்பு என்னும் 'மெரியா'வுக்கு முன்னால், அதிகம் என்னும் 'லெபே' போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலம்தான் சொல்லின் வாலையே மாற்றுகிறது. கலகலப்பு என்னும் லைவ்லியில் கடைசி 'ஒய்' போய் 'ஐ.இ.ஆர்.' வந்து லைவ்லியர் ஆகும். 'மோர் லைவ்லி'யும் தவறில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. அதே பொருளில் வைப்ரன்ட் என்று எழுதினால் மோர் மட்டும்தான்.

அண்மையில் ஒரு பெண் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பற்றி 'தி டெம்பிள் வாஸ் லைவ்லியர்' என்று எழுதியிருந்தாள். இலக்கணம் சரி. "எதைவிடம்மா?" என்றேன். "சும்மாதான் டீச்சர்." பேச்சுக் கொடுத்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதாம். திருவிழாவுக்கு மட்டும் கோலாலம்பூர், ஜொகூர் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து, கார் நிறுத்த இடமில்லாமல் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவில் விட்டார்களாம். "அதை எழுது" என்றேன். அடுத்த தாளில் சாதாரண ஞாயிற்றுக்கிழமையைவிட லைவ்லியர் என்று வந்தது, பூட்டிய வீடுகளும் செம்பனைக்குள் நின்ற கார்களும் கூடவே வந்தன. லைவ்லியரை எடுத்துவிட்டாலும் அந்தப் பத்தி நிற்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்):
நல்லா சொன்னீங்க டீச்சர். எங்கள் கோயில் மலரின் ஆங்கிலப் பக்கத்தில் ஒரு தம்பி, இந்த வருட ஆட்டக் குழு போன வருடக் குழுவைவிட 'மோர் அலைவ்' (இன்னும் உயிரோடு) என்று எழுதிவிட்டான். "அப்போ போன வருஷம் ஆடினவங்க செத்தா போயிட்டாங்க?" என்று தலைவர் கேட்டார். மலை ஏறினால் உடம்பு 'மோர் அலைவ்' என்று சொல்லலாம், அது நல்ல ஆங்கிலம்தான். ஆட்டக் குழுவுக்கு லைவ்லியரே போதும் என்று திருத்திக் கொடுத்தேன். அச்சுக்கூடத்தில் மறுபடி 'மோர்' சேர்த்துவிட்டார்கள், அது வேறு கதை.

ஒரு அம்மா:
என் மகனுக்கு வேறு தகராறு. கடைசியில் 'லி' இருக்கிறதே என்று 'டான்ஸ்ட் லைவ்லி' என்று எழுதுகிறான். ஃபிரெண்ட்லி மாதிரி இதுவும் பெயரடைதான், 'இன் எ லைவ்லி வே' என்று எழுது என்றால், ஸ்லோலி மட்டும் எப்படி என்று கேட்கிறான். டீச்சர், பள்ளி விடுமுறையில் வகுப்பு உண்டா?